நகராட்சி நீச்சல் குளத்தின் ஏழாம் எண் அறை

எழுத்தர் அந்தப் பழைய நீச்சல் குளத்தின் வாயிலில் வந்து நின்றபோது மாலை ஐந்து மணி. மறுநாள் காலை பத்து மணிக்கு அதனை இடித்து, மண்ணிட்டு மூடி, வாகன நிறுத்தம் அமைக்கவிருந்தார்கள். அதற்கு முன்பாக ஒரு படிவத்தில் குளத்துக் காவலர் ஒப்பமிட்டாக வேண்டும். 'கட்டடத்தினுள் எவரும் இலர்' என்னும் ஒற்றை வரிதான் அப்படிவம். மூவர் வந்து கேட்டும் காவலர் மறுத்துவிட்டார். "முதல்ல அந்த விசிலை இடிங்க, அப்புறம் குளத்தை இடிக்கலாம்" என்று சலித்துக்கொண்ட பொறியாளர், நான்காவதாக இவளை அனுப்பியிருந்தார்.

விசில் என்பது காவலருக்கு ஊரார் இட்ட பெயர். நாற்பதாண்டுகளாக ஒரு விசில் அவர் கழுத்தில் தொங்கியது.

ஆலை ஒன்று தன் தொழிலாளருக்காக வெட்டிய குளம் அது. ஆலை மூடியபின் நகராட்சியின் கைக்கு வந்தது. அருகில் இசைமேடை ஒன்றும் வாசகசாலை ஒன்றும் முன்னர் இருந்தன. மேடையைச் சாலைக்காக எடுத்தார்கள், வாசகசாலை மழையில் தானே விழுந்தது. குளத்தில் நீர் விடுவதை நிறுத்திப் பதினோராண்டு ஆகிறது. இவை யாவும் கோப்பில் இருந்தன.

காவலர் உடைமாற்றும் அறைகளுக்கு எதிரே ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

"நகராட்சியில வேற ஆளே இல்லையா? சுண்டெலி மாதிரி ஒரு பொண்ண அனுப்பியிருக்காங்க."

"சுண்டெலிதான் எந்தச் சந்துலயும் நுழையும்யா" என்றாள் எழுத்தர். "கையெழுத்துப் போட்டுடுங்க. போடலன்னாலும் நாளைக்கு இடிக்கத்தான் போறாங்க."

"அதான் எனக்குப் பயமே."

அவர் சுவரைச் சுட்டினார். அங்கே பன்னிரண்டு ஆணிகள் அறைந்த பலகையொன்று இருந்தது. குளிக்க வருவோர் தத்தம் அறையின் எண் பொறித்த பித்தளை வில்லையை ஆணியிலிருந்து எடுத்துச் செல்வார்கள். போகும்போது திரும்ப மாட்டுவார்கள். பூட்டும் நேரத்தில் பன்னிரண்டும் ஆணியில் இருக்க வேண்டும். இருந்தாலும் காவலர் ஒவ்வொரு கதவையும் தட்டிக் குரல் கொடுத்தே பூட்ட வேண்டும். அது விதி.

"இருபத்தொம்பது வருஷம் ஆச்சும்மா. மழைக்காலத்துக்கு மூணு மாசம் மூடுவோம். மூடுற அன்னைக்குப் பாத்தா ஏழாம் நம்பர் வில்லை இல்ல. எனக்கு அன்னைக்கு ரயிலைப் பிடிக்கணும், மறுநாள் தங்கச்சிக்குக் கல்யாணம். யாரோ மறந்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். மேசையில உபரி வில்லை ஒண்ணு கெடந்துச்சு. அதை மாட்டிட்டேன். பன்னெண்டும் சரியாப் போச்சுல்ல? கதவைத் தட்டல. பூட்டிட்டுப் போயிட்டேன்."

அவர் கழுத்திலிருந்த விசிலைக் கையில் பற்றிக்கொண்டார்.

"பெயிண்ட் அடிக்க வந்தவங்கதான் கதவை உடைச்சுப் பாத்தாங்க. டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்குற அம்மா. தனி ஆளு. மயங்கி விழுந்திருக்கு. உடனே உயிர் போச்சா, கெடந்து போச்சான்னு டாக்டரால சொல்ல முடியல. குடியிருந்த ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு வீட்டு ஓனர் இருந்துட்டாரு. மூணு மாசம், ஒருத்தர் வந்து கேக்கலம்மா."

எழுத்தர் பேனாவை மூடினாள். அவளும் மாடியில் ஒற்றை அறையில் வசிப்பவள். வயது நாற்பத்திரண்டு. அவள் காணாமற்போனால், முதலில் கேட்கக்கூடியது அலுவலக வருகைப் பதிவேடுதான்.

"புதுத் தாழ்ப்பாள் போட்டோம்" என்றார் காவலர். "அன்னைக்குச் சாயங்காலமே உள்ளேருந்து தாழ் போட்டிருந்துச்சு."

"காத்து அடிச்சு விழுந்திருக்கும்."

"இருங்க. மணி அஞ்சரை ஆகப்போகுது. நீங்களே கேளுங்க. என் பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க. என்னால போக முடியல. அந்த அம்மா உள்ள இருக்கும்போது எப்படிம்மா இடிக்க விடுறது? பொய்யா ஒரு வில்லையை மாட்டினவன், பொய்யா ஒரு கையெழுத்தும் போடணுமா?"

அவர் எழுந்து விசிலை ஊதினார். வற்றிய குளத்தின் நான்கு சுவர்களிலும் அவ்வொலி மோதித் திரும்பிற்று. பின்னர் முதலாம் கதவைத் தட்டினார்.

"நேரமாச்சு. வெளியே வாங்க."

மறுமொழி இல்லை. இரண்டாம் கதவு. மூன்றாம் கதவு. மரம் உளுத்த ஓசை மட்டும். ஆறாம் கதவைத் தாண்டியபோது எழுத்தரின் நாசியில் சோப்பு மணம் ஏறியது. பதினோராண்டாக நீர் காணாத இடத்தில், அப்பொழுதுதான் குளித்து எழுந்தவர் மேனியின் மணம்.

காவலர் ஏழாம் கதவைத் தட்டினார்.

"நேரமாச்சும்மா. வெளியே வாங்க."

அமைதி.

பிறகு உள்ளே, பலகை இருக்கையிலிருந்து ஒருவர் எழுந்துகொள்ளும் சரசரப்பு.

"இதோ..."

பெண் குரல். கூச்சம் கலந்த, மெல்லிய குரல்.

"முடி இன்னும் காயல. ரெண்டு நிமிஷம்."

எழுத்தர் படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்வாங்கினாள்.

"இதேதான்" என்று காவலர் கிசுகிசுத்தார். "தெனம் இதே பதில். ரெண்டு நிமிஷம், ரெண்டு நிமிஷம்னு இருபத்தொம்பது வருஷம். கெஞ்சிப் பாத்தேன், அதட்டிப் பாத்தேன். என் பேச்சுக்கு வரமாட்டாங்க. வருவாங்களா? அன்னைக்குத் தட்டாமப் போனவன்தானே."

கதவின் கீழ் இடைவெளியில் ஒரு நிழல் அசைந்து நின்றது. கதவுக்கு மிக அருகில் நின்றது. அப்பக்கத்திலும் ஒருவர் செவி சாய்த்துக் காத்திருப்பதை எழுத்தர் உணர்ந்தாள். தான் ஏன் பேசினாள் என்பதைப் பின்னர் அவளால் ஒருபோதும் விளக்க முடியவில்லை.

"அக்கா."

நிழல் அசையவில்லை.

"முடி காயலன்னா பரவாயில்ல அக்கா. போற வழியில காஞ்சிடும். இருட்டுறதுக்குள்ள போயிடலாம். நானும் தனியாத்தான் வந்திருக்கேன். என் கூட வாங்க."

நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை.

பின்னர் உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

கதவு தானே திறந்தது. அறையில் எவரும் இலர். சிமெண்டுத் தரையும், மரப்பலகையும், சுவரில் ஒரு கொக்கியும் மட்டுமே இருந்தன. குளிர்ந்த ஏதோவொன்று எழுத்தரின் தோளை உரசி, அவள் பின்னால் வந்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காவலர் பன்னிரண்டாம் கதவு வரை தட்டி முடித்துவிட்டு வந்தார். அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தவண்ணம் இருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் படிவத்தை வைத்து, எழுத்து எழுத்தாகத் தம் பெயரை எழுதினார்.

மறுநாள் பத்து மணிக்குக் குளம் இடிபட்டது. காவலர் தம் மகள் வீட்டிற்குப் போய்விட்டதாகவும், அங்கே பகலெல்லாம் உறங்குவதாகவும் பொறியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். எழுத்தர் கோப்பை முடித்து அடுக்கில் வைத்தாள். தன் அறையில் அவள் எதனையும் காணவில்லை, எதனையும் கேட்கவுமில்லை. அவ்வார இறுதிக்குள், அன்று கேட்டதனைத்தும் காவலரின் தனிமை தன்னையும் தொற்றிக்கொண்டதால் விளைந்த மயக்கமே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை, கீழ்வீட்டு அம்மாள் படிக்கட்டில் அவளை நிறுத்தினார்.

"உங்க அக்கா வந்திருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நீங்க எல்லாம் என்ன மனுஷங்களோ!"

"அக்காவா?"

"பின்ன? ரொம்ப அமைதி. நீங்க ஆபீஸ் போனதும் மாடிப்படியில வந்து உக்காந்துக்கிறாங்க. சாப்பிடக் கூப்பிட்டேன், வேண்டாம்னுட்டாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "'இவ தெனம் எத்தனை மணிக்கு வருவா? எனக்குத் தனியா இருக்க பயமா இருக்கு'ன்னு. பாவமா இருந்துச்சு. கொஞ்சம் சீக்கிரம் வாங்கம்மா."

எழுத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அன்று அலுவலகத்தில் அரைமணி நேரம் தாமதமாகிவிட்டிருந்தது.

மேலே, அவள் காலையில் பூட்டிச் சென்ற அறைக்குள், யாரோ கதவுக்கும் சன்னலுக்குமாக ஓயாமல் நடந்துகொண்டிருந்தார்கள்.