பத்தொன்பதாம் தளத்து இருட்டு

காலை ஷிப்ட் முடிந்து லிஃப்டிலிருந்து இறங்கிய எஸ்தாக்கிக்கு விளக்கு எரிந்தது.

அவர் நின்றுவிட்டார். பதினோரு வருடமாக இந்த நடைபாதையில் அவருக்கு விளக்கு எரிந்ததில்லை. முந்தாநாள்வரை.

பாலைவனத்துக்கு அடியில் தோண்டிய தொழிலாளர் குடியிருப்பு அது. ஜன்னல் கிடையாது. ஒரு காலத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாத் தளத்திலும் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. பிறகு நடையறி விளக்கு வந்தது. தரை காலடியைப் படிக்கும். தயங்கி வைத்த அடியா, வழி தெரியாத ஆள், வெளிச்சம் கொடுக்கும். தயங்காத அடியா, பழகிய ஆள், கரண்டை மிச்சம் பிடிக்கும். ஆறு மாதத்தில் எவருக்கும் இருட்டு பழகிவிடும்.

பழகியவருக்கு மறுபடி மூன்று தடவை எரிந்தால், தளர்ந்த ஆள் என்று பெயர் கம்பெனிக்குப் போகும். அடுத்த வாரம் ஊருக்கு டிக்கெட்.

"யாருல அது புது மாப்பிள்ள?" பின்னால் வந்த பக்கத்து அறை மைதீன் சிரித்தான். கிட்டே வந்ததும் சிரிப்பு நின்றது. "அண்ணாச்சி, நீங்களா?"

"செருப்பு கடிக்குடே."

"முந்தாநாளும் செருப்புன்னுதான சொன்னிய?"

எஸ்தாக்கி சுவரில் சாய்ந்தார். "ரெண்டு ஆயிட்டு. இன்னும் ஒண்ணுதான். மக படிப்பு முடிய ஒரு வருசம் கெடக்கு, மைதீன்."

"ரூம் எந்தப் பக்கம்னு தெரியுதா?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். எல்லாக் கதவும் ஒன்றுபோல் இருந்தது.

"இடதா?"

மைதீன் முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றான். "தோளப் புடிங்க. நான் கால எடுக்கும்போது நீங்களும் எடுங்க."

"சின்னப் புள்ளைய ரயிலு ஓட்டுற மாதிரில்லா இருக்கு."

"கூவிராதிய. நடங்க."

வலது பக்கம் திரும்பினார்கள். நான்காவது அடியில் விளக்கு அணைந்தது. எஸ்தாக்கிக்கு மூச்சு சீராக வந்தது.

இப்போது அந்தத் தளத்தில் ஏழு பேர் இப்படி அடுத்தவர் தோளைப் பிடித்துத்தான் போகிறார்கள். மின்சிக்கனத்தில் முதலிடம் என்று நிர்வாகம் பாராட்டி, லிஃப்டுக்கு எதிரே ஒரு பலகை மாட்டியிருக்கிறது. அதை யாரும் வாசித்ததில்லை. அங்கே வெளிச்சம் இல்லை.