ஓடை வரை போன வாளி

"மார்ச் 9. நேற்று மீன் தொட்டியின் தண்ணீரை யாரையும் கேட்காமல் மாற்றினேன். தவறு. கலங்கலாக இருந்தது என்பது ஒரு காரணமே அல்ல."

எழுதியவள் பேனாவை மூடவில்லை. எதிரே, தொட்டியில், மீன் செத்து மிதந்தது. மாலை 5.40.

பகலில் அவளுக்கு மருந்துக் கடையில் வேலை; மாலையில் கடலோரப் பள்ளியில் கடல் உயிர்களைப் பற்றிய வகுப்பு. எதையும் இரண்டு தரம் கேட்பாள் என்பதால் வகுப்பில் எல்லாருக்கும் அவள் 'சந்தேகம்'.

சுண்டுவிரல் நீள மீன். வெள்ளி உடம்பு, வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு. நான்கு நாள் முன்பு கரையோரம், கணுக்கால் தண்ணீரில் கிடைத்தது. படகுத்துறை கட்ட மண் கொட்டி மூடப்போகிற இடம் அது. அன்று வகுப்பே அங்கே தேடப் போயிருந்தது; கூடப் படிக்கும் சலூன்காரர்தான் தேடத் தொடங்குமுன்பே ஓடைப் பக்கம் போய் வாளியை நிரப்பிக்கொண்டு வந்தார். "தொப்பையைக் குறைக்கிறாரு," என்று சிரித்தார்கள். சற்று நேரத்தில் மீனை முதலில் பார்த்துக் கூவியவரும் அவர்தான். அவள் வாளிமேல் குனிந்தபோது மீன் அவளுடைய நிழலுக்கு அடியில் வந்து வாயைத் திறந்தது. பாவம், சீக்கு மீன் என்று நினைத்துக்கொண்டாள். வாளித் தண்ணீரோடுதான் அதைத் தொட்டியில் விட்டார்கள்.

எந்தப் புத்தகத்திலும் அதன் படம் இல்லை. இங்கே மட்டும் வாழும் மீன் என்று நிரூபணமானால் துறை வேலை நிற்கும். நிபுணர் நாளை வருவதாக இருந்தது.

"விஷம் வச்சிருக்கானுங்க!" என்றார் பள்ளி மேலாளர். முந்தின நாள் துறைக் காண்ட்ராக்டரின் ஆள் உள்ளே வந்து போயிருந்தான். வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"அவனை உள்ள விட்டியா?"

"விட்டேன் சார். குடிக்கத் தண்ணி கேட்டான்."

"தொட்டிகிட்டப் போனானா?"

"நான் பாக்கல சார்."

"பாக்கத்தானே சம்பளம்? நாளையிலேர்ந்து வராதே. ரூமையும் காலி பண்ணிடு."

பள்ளியின் பின்னறைதான் அவருக்கும் அவர் மனைவிக்கும் வீடு. சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் மேசையில் வைத்தார்.

"சார், தண்ணியை மாத்தினது நான்," என்றாள் அவள்.

"கடல் தண்ணிதானே ஊத்தின? கடல் மீன் கடல் தண்ணியில சாகுமா? போம்மா."

சாகாதுதான். அவள் தொட்டியை மறுபடி பார்த்தாள். தண்ணீர் மாற்றிய கையோடு அவள் விட்ட கடல் இறால் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன. விஷம் என்றால் இவை மட்டும் தப்பினது எப்படி? மறுபடி முதலிலிருந்து யோசித்தாள். மறுபடியும் அதே இடத்தில்தான் வந்து நின்றாள்.

6.25. சலூன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு மீன் தொட்டி. உள்ளே விரலைவிடப் பெரிய ஆரஞ்சு மீன்கள். உடம்பில் பொட்டே இல்லை. அவளுடைய நிழல் விழுந்ததும் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்தன.

"வாம்மா சந்தேகம்! கிராப்பு வெட்டிக்கவா?"

"அண்ணே, காலடியில கடலை வச்சுக்கிட்டு, வாளியைத் தூக்கிக்கிட்டு ஓடை வரைக்கும் ஏன் போனீங்க?"

கத்தரி நின்றது. நாற்காலியில் இருந்தவர் பாதி வெட்டிய தலையோடு கண்ணாடியில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது உப்பில்லாத தண்ணி. அந்த மீனுக்கு அதுதான் வேணும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். இதுங்களோட குஞ்சுதானே அது? கொண்டுவந்து வாளியில விட்டதும் நீங்கதானே? குஞ்சுக்கு ஒரு நிறம், வளந்தா வேற நிறம். புத்தகத்துல வளந்த மீனோட படம்தான் இருக்கு. கையால தீனி தின்னு பழகினது. அதான் நிழலைப் பாத்து ஓடாம மேல வந்துச்சு. நான் கடல் தண்ணி ஊத்தினேன். செத்துப்போச்சு."

அவர் சீப்பைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"உங்க அண்ணிக்குக் கடைசிக் காலத்துல முட்டி வலி. மண் கொட்டப்போற அந்தக் கரைத் தண்ணியில நின்னாத்தான் வலி தெரியாதும்பா. இப்பவும் காலையில போய்க் கொஞ்ச நேரம் நிப்பேன். அதை மூடிட்டா நான் எங்கம்மா போவேன்?"

சொல்லத் தெரிந்ததைச் சொன்னாள்.

"வாட்ச்மேனை வேலையை விட்டுப் போகச் சொல்லிட்டாங்க அண்ணே. ரூமையும் காலி பண்ணணுமாம்."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "அவரு என்ன பண்ணாரு, பாவம்!" என்று கத்தரியை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"யோவ், என் தலை?"

"தொப்பி மாட்டியிருக்கு பாருங்க. போட்டுக்கிட்டு உக்காருங்க, வந்துடுறேன்."

வழியில் அவள் கேட்டாள்: "நான் தண்ணியை மாத்தாம இருந்திருந்தா?"

"நாளைக்கு நிபுணர் கண்டுபிடிச்சிருப்பாரு. மீன் இன்னும் ஒரு நாள் உயிரோட இருந்திருக்கும். அவ்வளவுதான்."

மேலாளரிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். மேலாளர் செத்த மீனை ஒரு தரம் குனிந்து பார்த்தார். பிறகு சாவிக்கொத்தை வாட்ச்மேன் பக்கம் நகர்த்தினார். "திங்கட்கிழமை மண் கொட்ட ஆரம்பிச்சிடுவாங்க," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

தான் நினைத்தது சரியாகப் போனதற்கு இவ்வளவு வருத்தப்பட்டது அவளுக்கு இதுதான் முதல் தடவை. அன்றைய பக்கத்தின் அடியில் எழுதினாள்:

"நாளை காலை நிபுணருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார். அதையும் நானே சொல்ல வேண்டும்."