ஐந்து இருபத்திரண்டுக்கு நின்ற இரண்டு விளம்பரங்கள்

இருந்தவர்கள் நான்கு பேர்: ஓய்வுபெற்ற ஏட்டு ராஜப்பன், அவர் மகன் மாதவராஜ், மருமகள் காவியா, மேலாளர் பூவரசன். விசாரணை என்றால் அங்கே இருந்தவர்கள் பெயரை முதலில் எழுத வேண்டும் என்பது ராஜப்பனின் முப்பத்திரண்டு வருடப் பழக்கம். நோட்டில் எழுதி அடிக்கோடிட்டார். ஆடி பதினேழு, காலை 7.10. இடம், ஒகேனக்கல்லில் அவர்களுடைய லாட்ஜின் ஆபீஸ் அறை.

சாமி அறையில் ஆற்றுத் தண்ணீர்க் குடம் வைக்கும் இடம் காலியாக இருந்ததைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுத்தான் அவர் அங்கே வந்திருந்தார்.

மறுநாள் ஆடிப்பெருக்கு. இன்டர்நெட்டில் லாட்ஜுக்கு ஐந்து விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்தன: அறை, பரிசல் சவாரி, மீன் சாப்பாடு, அருவிக் குளியல், பொம்மிடி ரயிலடியிலிருந்து கார். விடிவதற்குள் பரிசலும் குளியலும் நின்றுபோயிருந்தன.

"உள்ளிருந்துதான் யாரோ செஞ்சிருக்காங்க," என்றான் மாதவராஜ். மனைவியின் பக்கம் அவன் திரும்பவில்லை. காவியாவின் தம்பி அறிவழகன் எதிர் லாட்ஜில் வேலை பார்ப்பது அறையில் எல்லாருக்கும் தெரியும்.

"பத்து மணிக்குள்ள ஸ்டேஷன்ல ஒரு மனு குடுத்துடலாமுங்க, பெரியவரே," என்றான் பூவரசன்.

ராஜப்பனின் முதுகு நிமிர்ந்தது. "நான் பாரா நின்ன ஸ்டேஷன்ல என் வூட்டு மருமக பேரு ஏறாது. பத்து மணி வரைக்கும் பொறு."

கதவு திறந்தது. மனைவி ராமக்கா காபித் தட்டோடு வந்தாள். "ஏனுங்க, ஒரு சேதி..."

"காபிய வெச்சிட்டுப் போ. விசாரணை நடக்குது."

அவள் போனாள்.

"நிறுத்தினது யாரும்மா?"

"ஏஜெண்டுங்க மாமா. வாயால சொன்னா விளம்பர வேலையெல்லாம் செய்யற கம்ப்யூட்டர் ஆளு."

"யார் சொன்னாலும் செய்யுமா?"

"நிறுத்தச் சொல்லி ஹால்ல இருக்கற போன்ல யாரு வேணாலும் சொல்லலாம். திரும்ப ஓடவிட என் போன்ல மட்டுந்தான் முடியும்."

"அப்படி ஏன் வெச்சே?"

காவியா சற்றுத் தயங்கினாள். "போன வருஷம் ஆத்துல எறங்கத் தடை போட்ட அன்னிக்கு விளம்பரம் ஓடிட்டே இருந்துச்சுங்களே மாமா."

ராஜப்பன் மறக்கவில்லை. விளம்பரத்தை நம்பிக் கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் வாசலில் நின்று, 'வரச் சொல்லி ஏமாத்தற வூடு' என்று சொல்லிவிட்டுப் போனது. அதன் பிறகுதான் காவியா வீட்டாரையெல்லாம் ஹாலில் கூட்டி வைத்து இந்த ஏற்பாட்டை விளக்கினாள். அன்று அவர் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

"நின்னது அழிஞ்சு போச்சா?"

"இல்லீங்க. நிறுத்தி மட்டுந்தான் வெக்கும். அதுக்கும் முன்ன எதெதுன்னு பட்டியல் காட்டும். ஆமான்னு சொன்னாத்தான் கை வெக்கும். குரலை வெச்சுக்காது. நடந்ததை மட்டும் எழுதி வெக்கும்."

பதிவைக் காட்டினாள். 5.22, ஹால் போன். பட்டியல் திரையில் காட்டப்பட்டது. வாசித்துச் சொல்லும்படி கேட்கப்பட்டது, வாசிக்கப்பட்டது. ஐந்தையும் நிறுத்தவா? வேண்டாம், இரண்டாவதும் நாலாவதும் மட்டும். உறுதியா? ஆமாம்.

"அஞ்சு இருபத்திரண்டுக்கு எங்கே இருந்தே பூவரசா?"

"பஸ் ஸ்டாண்டுலங்க. சேலம் வண்டியில வந்தவங்களைக் கூட்டியார."

"நீயும்மா?"

"புள்ளைக்குக் காச்சலுங்க. பக்கத்துல படுத்திருந்தேன்."

"சாட்சி?" என்றான் மாதவராஜ்.

"நீங்கதான். குறட்டை விட்ட சாட்சி."

பூவரசன் சிரிப்பை விழுங்கினான். ராஜப்பன் ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். 8.15க்கு ராமக்கா மறுபடி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இட்லி ஆறுது. அதோட ஒண்ணு..."

"அப்புறம்."

8.40க்குப் போன் அடித்தது. பூவரசன் கேட்டுவிட்டு வைத்தான். "மேல அணையில தொறந்துட்டாங்களாம். பரிசலுக்கும் குளிக்கவும் தடை. நின்னதும் நல்லதுக்குத்தான் போலிருக்குதுங்க."

ராஜப்பனின் கால்கள் நின்றன. அதிகாரிகள் 8.40க்குச் சொன்னது 5.22க்கே யாருக்குத் தெரியும்?

அவர் அடுக்களைக்குப் போனார். ஆடி முதல் தேதியிலிருந்து பதினெட்டு வரை, விடியும் முன் ஆற்றில் மொண்ட முதல் குடம் சாமி முன் இருக்க வேண்டும். அது மூலையில் தட்டு மூடி நின்றது. தட்டின் மேல், கலங்கல் தெளிய உரைத்த தேற்றாங்கொட்டை. தட்டை எடுத்தார். மேலே தெளிந்த தண்ணீர். அடியில் நாலு விரல் செம்மண்.

9.05க்கு ராமக்காவை முன்னால் விட்டு ஆபீசுக்குத் திரும்பினார்.

"கெடுக்க நெனைக்கறவன் அஞ்சையும் நிறுத்துவான். இந்தக் கை ஆத்துல எறங்கற ரெண்டை மட்டும் நிறுத்தியிருக்கு. அறையும் சோறும் காரும் ஓடுது. பணத்துக்கு செஞ்சதில்ல, தண்ணியப் பாத்து செஞ்சது."

"அது யாருங்க?" என்றான் பூவரசன்.

"பதிவுலயே இருக்குது. பட்டியல் கண்ணு முன்னால இருக்கறப்ப வாசிச்சுச் சொல்லுன்னு எதுக்குக் கேக்கணும்? நீங்க மூணு பேரும் படிச்சவங்க. இந்த வூட்டுல எழுத்துத் தெரியாத ஆள் ஒருத்தி. அவ பேரை நான் எழுதவேயில்ல."

ராமக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். "கொடத்தைச் சாய்ச்சா செந்தண்ணி. மேல தொறந்துட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. காச்சப்புள்ளகிட்டப் படுத்தவளை எழுப்ப மனசு வல்ல. அவ சொல்லிக் குடுத்தாப்புல போன்கிட்டச் சொன்னேன். உங்ககிட்டச் சொல்ல ரெண்டு தடவ வந்தேனுங்க."

ராஜப்பன் நோட்டைத் திறந்து, தன் பெயருக்கும் மேலே ராமக்காவின் பெயரை எழுதினார்.

"மாதவா, எவங்க முன்னால சொன்னியோ அவங்க முன்னாலயே திருப்பி வாங்கு."

மாதவராஜ் எழுந்து நின்றான். "தப்பா பேசிட்டேன் காவியா."

"தடை எடுக்கட்டும்," என்றாள் அவள். "எடுத்த பொறவு ஓட விடறேன்."

எதிர் லாட்ஜுக்காரனிடம் கை நீட்டிக் காசு வாங்கி மருமகள் விளம்பரத்தை நிறுத்திவிட்டாள் என்று ஏரியூர் வரை ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். நிறுத்தியவள் ராமக்கா. காரணம் தண்ணீர்.