யாருக்கும் கொடுக்காத எண்

‘ஹால்’ என்று அடித்தால் ஹால் கணினி பதில் சொன்னது. ‘பிரிண்டர்’ என்றால் பிரிண்டர். ‘தொட்டில்’ என்றால் மட்டும் பேச்சுமூச்சு இல்லை.

இதை அவன் ஆசைப்பட்டுத் தொடங்கவில்லை. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் வீட்டுக் கருவிகளின் எண்களை மோடம் மாற்றிவிடும். நர்ஸ் வேலையிலிருக்கும் மனைவியின் போனில் குழந்தை அறைக் கேமரா காணாமல் போகும். ஒவ்வொன்றுக்கும் நிலையான எண்ணும், கேமராவுக்குத் ‘தொட்டில்’ என்பதுபோல ஒரு பெயரும் கொடுத்தால் தொல்லை விட்டது என்று உட்கார்ந்தவன், மதியத்திலிருந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறான்.

போன் அடித்தது.

“என்னங்க, இன்னும் ஆகலையா? பாப்பாவைப் பாக்காம வேலையே ஓடல.”

“இரும்மா. இந்தச் சனியனோட மல்லுக்கட்டியே பாதி உயிர் போச்சு.”

எரிச்சலோடு மாடியேறினான். நாள் முழுக்கப் பெய்த மழையில் அறை அதற்குள் இருட்டியிருந்தது; ஈரச் சுவரின் வாடை, ஜன்னல் தகரத்தில் சொட்டும் நீர், அதற்கு நடுவே மகளின் சீரான மூச்சு. அவள் விழித்தால் கதை கந்தல். கேமராவைச் சத்தமில்லாமல் கழற்றிக் கீழே கொண்டுவந்து, மேசையில் வைத்துத் திருப்புளியை எடுத்தான்.

திரையில் ‘தொட்டில்’ பதில் சொன்னது.

கேமராவின் ஒயர் எதிலும் செருகப்படாமல் மேசையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மறுபடியும் போன். “வந்துடுச்சுங்க! ஆனா ஏன் இவ்ளோ கிட்ட வெச்சிருக்கீங்க? மூஞ்சி மட்டும்தான் தெரியுது.”

‘தொட்டில்’ என்ற பெயருக்குத் தான் எழுதிய எண்ணை அவன் பார்த்தான். அவசரத்தில் கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்திருந்தான். அந்த எண்ணை வீட்டில் எந்தக் கருவிக்கும் அவன் கொடுக்கவில்லை.

“நீ வை,” என்று இணைப்பைத் துண்டித்துத் தன் போனில் ‘தொட்டில்’ திறந்தான்.

மகளின் முகம். மிக அருகில். படம் மெல்ல ஏறி இறங்கியது, யாரோ மூச்சு விடுவதுபோல. நொடிநேரம் கறுத்தது. மீண்டும் முகம். மறுபடி கறுத்தது.

இமை.

ஓடினான். படிகள் தெரியவில்லை. கதவைத் தள்ளினான்.

தொட்டில் இருந்தது. மகள் இருந்தாள். வேறு யாருமில்லை.

கையிலிருந்த போனில் படம் நிதானமாகத் திரும்பியது. கதவு. கதவில் அவன். தன் வாய் திறந்திருப்பதை அவனே பார்த்தான்.

படம் மறுபடி குழந்தையிடம் திரும்பியது. கீழ் விளிம்பிலிருந்து இரண்டு கைகள் நீண்டன.

அவன் கண்ணெதிரே, ஆளில்லாத அறையில், தூக்கம் கலையாமல் மகள் தொட்டிலிலிருந்து மெல்ல மேலெழுந்தாள்.