கிரெஸ்பாக் கம்பெனியின் காலி பாட்டில்

திருமதி இர்ம்ட்ராவ்ட் செல்கே உள்ளே வந்ததும் குடையைக்கூட மடக்கவில்லை. கிரெஸ்பாக் மருந்து, ரசாயனக் கம்பெனியின் காட்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். நூற்றாண்டு விழாவுக்காகக் கம்பெனியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தவரும் அவர்தான். அன்று காலை அவரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். சனிக்கிழமைக்குள் கம்பெனி வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

துப்பறியும் டீடமன் நாற்காலியைக் காட்டினார். அவருடைய உதவியாளன் வோல்கர், கேட்காமலே காப்பி ஊற்றினான்.

நிறுவனர் ஆகஸ்ட் கிரெஸ்பாக் தம் மருந்துக்கடையின் பின்கட்டில் தாமே காய்ச்சி எடுத்த, மலேரியாக் காய்ச்சலுக்கான முதல் கொயினா மருந்து, பாதி பாட்டில், காட்சிக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. கம்பெனியின் பெருமை முழுவதும் அதில்தான் தொடங்குகிறது. வரலாற்றின் முதல் அத்தியாயத்துக்காக அதில் சில துளிகளைப் பரிசோதிக்கலாம் என்று செல்கே நிர்வாகக் குழுவின் முன்னால் கேட்டார். இயக்குநர் டாக்டர் வால்ராம் கிரெஸ்பாக், நிறுவனரின் பேரன், சரி என்றார். மறுநாள் பாட்டில் காலி. பூட்டு உடைபடவில்லை. சாவி மூன்று பேரிடம் இருந்தது: செல்கே, இயக்குநர், போல் என்ற விளம்பரப் பிரிவுத் தலைவர். அவசரப்பட்டுத் திறந்து கொட்டிவிட்டாள் என்று பழி செல்கேயின் தலையில் விழுந்தது.

"இருபது வருஷமா அந்தப் பாட்டிலத் தூசி தட்டியிருக்கேன் ஐயா. ஒரு துளி எடுக்கவே எழுதி அனுமதி கேட்டவ நான்," என்றார் செல்கே.

மழையில் மூவரும் ரைன் ஆற்றின் கரையோரம் தொழிற்சாலைக்கு நடந்தார்கள். அன்றைய நாள் டீடமனின் பொறுமையைத் தின்றுவிட்டது. வாயிற்காவலர் முதல் கணக்கர் வரை யாரைக் கேட்டாலும் விளம்பரத்தில் உள்ள வாசகத்தையே ஒப்பித்தார்கள். ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. போதாக்குறைக்கு அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம்: விருந்தாளி யாராக இருந்தாலும், வரவேற்பவர் தம் கையாலேயே கம்பெனி தயாரிக்கும், ஜீரணத்துக்கான வயிற்றுக்கசப்பு மருந்தை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார். மறுத்தால் மரியாதைக் குறைவு. டீடமனுக்குக் கசப்பு பிடிக்காது.

காட்சிக்கூடத்தில் செல்கே பழக்கதோஷத்தில் அவர்களுக்கு ஊற்றினார். அவர் ஊற்றிய பாட்டிலில், முன்பு வழிந்த கசப்பு லேபிளில் இறங்கிப் பழுப்பாகக் காய்ந்திருந்தது. டீடமன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டு, நிறுவனரின் பழைய பாட்டிலை எடுத்துப் பார்த்தார். பாட்டிலின் வாயிலிருந்து ஒரு கோடாக வழிந்த பாகு, லேபிளுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் காய்ந்திருந்தது. லேபிள் பளிச்சென்று இருந்தது. பெட்டிக்குப் பக்கத்து மேசையில் பச்சைத் துணி. அதில் பிசுக்கு எங்கும் இல்லை.

"மூடிய எங்க வச்சிருப்பாங்க சார்? வச்ச அடையாளமே இல்லையே," என்றான் வோல்கர்.

"கேள்வி நல்ல கேள்விதான். பதிலுக்குத்தான் இன்னும் ரெண்டு கிண்ணம் குடிக்கணும் போலிருக்கு," என்றார் டீடமன்.

விளம்பரத் தலைவர் போலின் அறையில் அரைமணி நேரம் வீணானது. விழாவுக்கு அமைச்சர் வருகிறார், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், இந்த நேரத்தில் துப்பறிவாளர் எதற்கு என்று அவர் புலம்பித் தீர்த்தார். அவர் ஊற்றிய பாட்டிலில் கம்பெனியின் பெயரையே படிக்க முடியவில்லை, அவ்வளவு கறை. மூடியை மேசையில் போட்டார், அது உருண்டு கீழே விழுந்தது.

இயக்குநர் அமைதியாகப் பேசினார். தாம் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், சோதனைக்கூடத்துப் பக்கமே போனதில்லை, பாட்டிலுக்குள் இருப்பதில் தமக்கு என்ன அக்கறை என்றார். பேசிக்கொண்டே கசப்பை ஊற்றினார். லேபிள் அவர் உள்ளங்கையில் இருந்தது. மூடி அவர் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் இருந்தது. டீடமன் அந்தக் கிண்ணத்தை மட்டும் குடிக்கவில்லை.

"செல்கேயம்மாவையும் போலையும் கூப்பிடுங்க ஐயா," என்றார்.

எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னார்: "ஆய்வுக்கூடத்துல வேலை பழகினவங்க லேபிளக் கைக்குள்ள வச்சுத்தான் ஊத்துவாங்க. சிந்துறது மறுபக்கமா ஓடும், எழுத்து அழியாது. மூடியக் கீழ வைக்கமாட்டாங்க, அழுக்கு ஒட்டிக்கும்னு விரலிடுக்குல பிடிச்சுக்குவாங்க. பழைய பாட்டில் அப்படித்தான் ஊத்தப்பட்டிருக்கு. இங்க மூணு பேரும் ஊத்துறதப் பாத்தாச்சு. சோதனைக்கூடத்துப் பக்கமே போகாத உங்களுக்கு இந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்துச்சு?"

இயக்குநர் தம் கையைப் பார்த்தார். மூடி இன்னும் விரலிடுக்கில் இருந்தது.

"தாத்தாகிட்ட. பள்ளிக்கூட லீவு பூரா அவரோட ஆய்வுக்கூடத்துல நின்னிருக்கேன்," என்றார் மெதுவாக. "தப்பா ஊத்துனா விரல் முட்டியில அடிப்பாரு. அந்தப் பாட்டில்ல கொயினாவே இல்ல. சர்க்கரைப் பாகும் ஏதோ கசப்பு வேரும். அவரே என்கிட்டச் சொன்னாரு. செல்கேயம்மா, குழு முன்னால நீங்க கேட்டப்போ நான் எப்படி முடியாதுன்னு சொல்றது?"

விளம்பரத் தலைவர் போல், தலையில் கை வைத்துக்கொண்டார். எழுதிய பக்கங்களெல்லாம் வீண் என்ற எரிச்சல் செல்கேயின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

இயக்குநர் உடனே சமாளித்துக்கொண்டார். செல்கேவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும், வீடும் அவருக்கே, எல்லோர் முன்னாலும் மன்னிப்பும் கேட்கப்படும். முதல் அத்தியாயம் மட்டும் இருக்கிறபடியே அச்சாக வேண்டும் என்றார்.

"அப்போ பாட்டில் எப்படிக் காலியாச்சுன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டார் செல்கே.

"துடைக்கிற அம்மா தட்டிவிட்டாங்கன்னு சொல்லிக்கலாம். யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க."

வோல்கர் டீடமனைப் பார்த்தான். சட்டத்தின் முன் இது குற்றமே இல்லை, சொந்தப் பாட்டிலைச் சொந்தக்காரர் கொட்டியிருக்கிறார். டீடமனால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஆத்திரத்தில் அவர் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

செல்கே கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவியை எடுத்து இயக்குநரின் மேசைமேல் வைத்தார்.

"துடைக்கிற அந்தம்மாவும் கம்பெனி வீட்டுலதான் குடியிருக்காங்க," என்றார்.