சுண்ணாம்புக் கணக்கு

"அசையாதேங்கோ... அப்பிடியே நில்லுங்கோ!"

மழைச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் பிளாட்பாரத்தில் கணீரென்று கேட்டது. பத்துமலை நின்றான். நிற்காமல் என்ன செய்வான்? தோளில் கிடந்த கோணிச் சாக்கு அப்போதுதான் அடி கிழிந்து, உள்ளே இருந்த கறுப்புக் கற்களெல்லாம் தரையில் கடகடவென்று உருண்டிருந்தன. அதில் ஒன்று உருண்டோடிப் போய் நின்ற இடத்தில் ஒரு ஜோடிச் செருப்பு. செருப்புக்கு மேலே இளநீலப் புடவையின் கரை. அதற்கும் மேலே...

இரண்டு கண்கள். கோபத்தில் இன்னும் பெரிதாகியிருந்த கண்கள். இமைகளில் மழைத்துளி இரண்டு விழவா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தன.

"ஈய மண்தானே இது? லைசென்ஸ் எங்க?"

தைப்பிங்கை அடுத்த சின்ன ஸ்டேஷன் அது. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஈய மண்ணை, அதாவது வெள்ளீயத் தாதை, எடுத்துப் போவது குற்றம் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டேஷன் மாஸ்டர் துரைசிங்கத்தின் மகள் சாரதாதேவிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

"ஈய மண்ணு இல்லீங்க. கசடு."

"என்ன?"

"கசடு லா. ஈயத்த உருக்கறப்ப மேல மிதக்குமே, அந்தக் கழிவு. அம்பது வருசத்துக்கு முந்தி சீனவங்க உருக்கிட்டு வீசினது. பழைய லொம்போங், அதாங்க ஈயச் சுரங்கம், அது ஓரத்துல மலையாட்டம் குவிஞ்சு கிடக்கு. இதப் போயி யாருங்க திருடுவா?"

"நீங்கள் வந்திருக்கிறியளே!"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்திருக்கும்... உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். குனிந்து தன் காலடியில் கிடந்த கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடி போல உடைந்த கறுத்த கல்.

"கழிவெண்டால், இதுக்குள்ள வெள்ளையாய் என்னவோ மினுங்குதே?"

பத்துமலை கிட்டே வந்தான். கடுகளவு வெள்ளி மணி ஒன்று கல்லின் ஓரத்தில் பதிந்திருந்தது. அவன் முகம் மலர்ந்தது.

"அடடா... அதுதாங்க! அந்தக் காலத்து உலையில சூடு பத்தல. அதனால ஈயம் முழுசா எறங்காம கசட்டுலயே மாட்டிக்கிச்சு. அத எப்படி வெளிய எடுக்கறதுன்னுதான் நான் பாக்கறேன். மூணு நாளா மழையில உடைச்சு உடைச்சுத் தேடினேன். நீங்க நின்ன எடத்துலயே கண்டுட்டீங்க!"

அந்தப் பாராட்டை எங்கே வைத்துக்கொள்வது என்று சாரதாதேவிக்குத் தெரியவில்லை. கல்லை நீட்டினாள். வாங்கும்போது விரல் பட்டுவிடக் கூடாதே என்று அவன் பட்ட அவஸ்தையைப் பார்த்து, இவன் கள்ளனாக இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக அப்பா வந்துவிட்டார்.

"நீர் எங்கத்தையான்?"

"சுங்கை சிப்புட் பக்கம், தோட்டங்க. சன்னாசிக் கங்காணி மகன். காசியில படிக்கிறேன், லீவுக்கு வந்திருக்கேன்."

"காசியிலயோ? என்ன, வேதமோ?"

"இல்லீங்க... உலோகம். மண்ணுலேர்ந்து உலோகத்தப் பிரிச்சு எடுக்கற படிப்பு. அங்க பல்கலைக்கழகத்துல இப்பத்தான் நாலஞ்சு வருசமா நடக்குது."

துரைசிங்கம் அவனை மேலும் கீழும் பார்த்தார். நனைந்த வேட்டி, சேறு படிந்த கால், பல்கலைக்கழகம்... ஒன்றோடொன்று ஒட்டவில்லை அவருக்கு.

"சுரங்க இலாகாவிலயிருந்து ஒரு கடிதத் துண்டு வாங்கிக்கொண்டு வாரும். அதுவரைக்கும் சாக்கு இஞ்சதான் கிடக்கும்."

ரயில் அவனை விட்டுவிட்டுப் புறப்பட்டது.

மறுநாள் அவன் கடிதத்தோடு வந்தபோது, மழையில் எங்கோ மரம் சாய்ந்து ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த சாரதா, கிழிந்த சாக்குக்கு ஊசியும் சணலும் கொண்டுவந்திருந்தாள். திருடன் என்று நினைத்ததற்கு அபராதமாம்! சாக்கைத் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"நெருப்பு எவ்வளவு சூடெண்டு எப்பிடித் தெரியும்? கையை வைச்சோ பாக்கிறது?"

"கைய வச்சா அப்புறம் எழுத முடியாதுங்களே! நிறத்த வச்சுப் பாக்கணும். மொதல்ல கருஞ்சிவப்பு... பொறவு செர்ரிப் பழம் மாதிரி... அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள். வெள்ளைக்குப் போயிட்டா நின்னு பாக்க முடியாது. கண்ணுல தண்ணி வந்துரும்."

அவன் பேசப் பேச அந்த ஈரமான பிளாட்பாரத்தில் ஓர் உலை எரிவது போலிருந்தது அவளுக்கு. அவள் படித்த பள்ளியில் பெண்களுக்குத் தையலும் சுகாதாரமும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கணக்கில் முதலாவதாக வந்தாள்... வந்து? பதினேழு வயதில் படிப்பை நிறுத்தியாகிவிட்டது.

"இதெல்லாம் எனக்கு விளங்குமோ?" என்றாள் மெல்ல.

பதிலுக்கு அவன் தன் நோட்டுப் புத்தகத்தையே எடுத்து நீட்டினான். "அடுத்த சனிக்கிழம இன்னொரு சாக்கு எடுக்க வாரேன். படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க."

அடுத்த சனிக்கிழமை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. நோட்டின் ஓரங்களில் அவளுடைய பென்சில் கேள்விகள் பெருகின. கேள்விகளுக்குக் கீழே அவனுடைய மசிப் பதில்கள். 'கரி எதற்கு? விறகு போதாதா?' 'கரிதான் ஈயத்தோடு ஒட்டியிருக்கும் பிராண வாயுவைப் பிடுங்கும்.' இதில் காதல் எங்கே இருக்கிறது? ஆனால் சனிக்கிழமை காலையில் மட்டும் அவள் ஏன் இரண்டு தரம் தலை வாரினாள்... கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு நாள் அவன் சோர்ந்து போய் வந்தான். தோட்டத்தில் ரப்பர் தட்டுகளை உலர்த்தும் புகைக்கூண்டுக்குப் பின்னால் அவன் கட்டியிருந்த சிறிய களிமண் உலையில் இரண்டு முறை உருக்கிப் பார்த்துவிட்டானாம். இரண்டு முறையும் கசடு ஓடவே இல்லை.

"வெல்லப் பாகு மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது. ஈயம் கீழ எறங்க வழியில்ல. ஜூலை மாசம் கப்பல். வெறுங்கையோட போனா புரொபசர் வேற வேலை குடுத்துருவாரு. நம்ம ஊரு மண்ணுல நானே ஒன்னு செஞ்சு காட்டணும்னு..."

அவன் முடிக்கவில்லை. டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த துரைசிங்கம் வெளியே வந்து, மகளின் கையிலிருந்த நோட்டை வாங்கிப் புரட்டினார். பென்சிலும் மசியும் அருகருகே. அவர் முகம் கறுத்தது.

"தோட்டத்துக் கூலிகளின்ர லயத்து வீட்டில பிறந்தவனுக்கு என்ர மகளோட என்ன எழுத்து வேண்டிக் கிடக்கு?"

பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பத்துமலை அவரைப் பார்க்கவில்லை. சாரதாவைப் பார்த்தான். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"வாரேங்க," என்று சொல்லி ரயிலேறினான். நோட்டைத் திரும்பக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் வந்தன. அவன் வரவில்லை.

அப்பா கொண்டுவந்து போட்ட நோட்டு வீட்டு மேசையில் கிடந்தது. முதல் நாள் அதைத் தொடவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் அழுதாள். மூன்றாம் நாள் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். அழுதுகொண்டே எத்தனை நாள் இருப்பது? ஒன்பதாம் பக்கத்தில் அவன் எழுதியிருந்தான்: சுண்ணாம்புக்கல் நூறு பங்கைச் சுட்டால் சுண்ணாம்பு ஐம்பத்தாறு பங்குதான் மிஞ்சும், மீதி காற்றாகப் போய்விடும். மூன்றாவது வாரம் எட்டிய நாற்பத்தோராம் பக்கத்தில் உலைக்குப் போடும் சாமான்களின் பட்டியல். கசட்டை இளக்க வேண்டிய சுண்ணாம்பு: பத்துப் பங்கு. அதற்கு எதிரே, 'குனோங் ராபாட் மலைச் சுண்ணாம்புக்கல்: பத்துப் பங்கு.'

அவள் பென்சில் நின்றது.

கல்லையா பத்துப் பங்கு போட்டான்? கல்லில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதானே சுண்ணாம்பு... கணக்குப் போட்டுப் பார்த்தாள். பதினெட்டுப் பங்கு கல் போட்டிருக்க வேண்டும். மறுபடியும் போட்டாள். பதினெட்டுதான்.

உடனே எழுதி அனுப்பிவிடலாம். ரயில் கார்டிடம் கொடுத்தால் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அவனிடம் சொல்ல வேண்டியது அது மட்டும்தானா?

அன்று மாலை அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் நின்றாள். தாயில்லாத வீடு, பேசுவதற்கு அவர்கள் இருவர்தான்.

"அப்பா, அண்டைக்கு நீங்கள் சொன்னது பிழை. நான் வாய் திறக்காமல் நிண்டது அதைவிடப் பிழை. ஞாயிற்றுக்கிழமை காலம ரயிலில சுங்கை சிப்புட்டுக்குப் போகப் போறன். அந்தப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேக்க வேணும். நீங்களும் வந்தால் சந்தோசம்."

துரைசிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வாசலுக்கு வந்தபோது, கோட்டும் தொப்பியுமாக அவர் ஏற்கெனவே நின்றிருந்தார். கையில் குடை.

ரப்பர் மரங்களுக்கிடையே செம்மண் பாதை. இலைகளிலிருந்து பழைய மழை சொட்டிக்கொண்டிருந்தது. புகைக்கூண்டுக்குப் பின்னால், இடுப்பு உயர உலைக்கு முன்னே பத்துமலை குந்தியிருந்தான். முகமெல்லாம் கரி. துருத்தியை ஊதிக்கொண்டிருந்த சன்னாசிக் கங்காணி, தொப்பி போட்ட ஆளைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"ஐயா... வாங்கய்யா... ஏ ராக்காயி, நாற்காலி எடுத்தா!"

பத்துமலை எழுந்தான். அவளைப் பார்த்ததும் கண்களில் ஏதோ பளிச்சிட்டு, உடனே அணைந்தது.

"நோட்ட குடுக்க இம்புட்டுத் தூரம் வந்தீங்களா? கார்டுகிட்ட குடுத்தாப் போதுமே."

"நோட்டுக்கு வரேல்லை. அண்டைக்கு நான் பேசியிருக்க வேணும். பேசேல்லை. பயந்துபோனன். அதைச் சொல்லத்தான் வந்தனான்." இம்முறை அவள் தரையைப் பார்க்கவில்லை. "இன்னுமொண்டு... உங்கட சுண்ணாம்புக் கணக்கு பிழை."

"என்னது?"

"நீங்களே எழுதினதை நீங்களே மறந்திட்டியள். கல்லும் சுட்ட சுண்ணாம்பும் ஒண்டோ?"

நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினான். நாற்பத்தோராம் பக்கம். அவளுடைய பென்சில் வட்டம். நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டான். நெற்றியில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன.

"காசி வரைக்கும் போயி படிச்ச மடையன் லா நான்!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மூன்று வாரக் கோபம் போன இடம் தெரியவில்லை.

புதிதாக நிறுத்து, கலந்து, உலையில் போட்டார்கள். கரி பற்றியது. கருஞ்சிவப்பு... ஆரஞ்சு... சன்னாசிக் கங்காணிக்கு மூச்சு வாங்கியது. காற்று குறைந்தால் சூடு இறங்கிவிடும். நிறத்தைப் பார்க்கும் பத்துமலையால் உலையின் கண்துளையை விட்டு நகர முடியாது. அப்போது யாரும் எதிர்பாராமல் துரைசிங்கம் எழுந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

"விடுங்கோ கங்காணி, நான் பாக்கிறன்."

"ஐயா, நீங்க போயி..."

"என்ர தகப்பனும் ஓலைக் கொட்டிலில பிறந்தவர்தான்." துருத்திக் கைப்பிடியைப் பிடித்தபடி, பத்துமலையின் பக்கம் திரும்பாமலே சொன்னார். "தம்பி... அண்டைக்குச் சொன்னதை நான் சொல்லியிருக்கப்படாது."

பத்துமலை தீயிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "பரவால்லீங்க... நிறுத்தாம இழுங்க," என்று மட்டும் சொன்னான்.

மஞ்சள் வந்தது. இன்னும் வெளிறியது. அவன் கம்பியால் உலை வாயைத் திறந்தான். கசடு தண்ணீராக ஓடி வந்தது! அதன் பின்னால், மணலில் கீறி வைத்திருந்த குழிக்குள், நிலா வழிவது போல வெள்ளையாய் ஒரு கோடு...

தாய் ராக்காயி மகனின் முகத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆறிய பிறகு, விரல் நீளத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் சாரதாவிடம் வந்தான். பெரியவர்கள் மூவரும் கொட்டகையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"காதுகிட்ட வச்சு வளைச்சுப் பாருங்க."

வளைத்தாள். கிரீச்... என்று மெல்லிய சத்தம். கண்கள் விரிந்தன.

"அழுகுதே!"

"நல்ல ஈயம்னா அப்படித்தான் சத்தம் போடும். இத வளைக்கற நேரத்துல பக்கத்துல நீங்க இருக்கணும்னு... மொத நாள்லேர்ந்தே நினைச்சேன். நீங்க வராதப்பவும் நினைச்சேன். கோவமா இருந்தப்பவும்தான்." மென்று விழுங்கினான். "அடுத்த வருசம் படிப்பு முடிஞ்சு வந்ததும் உங்க அப்பாகிட்ட வந்து கேக்கலாம்னு..."

"அப்பாட்டைக் கேக்க முதல் என்னட்டைக் கேக்க வேண்டாமோ?"

தூறல் மறுபடி தொடங்கியது. ரப்பர் இலைகள் மேலே சலசலத்தன. அவன் கரிக் கையை வேட்டியில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

"எனக்கு ஒங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு, சாரதா. என்னக் கட்டிக்கிறீங்களா?"

அவள் தலை குனிந்தது. காது மடல் சிவந்தது. மழைக்குக் கூடக் கேட்காத குரலில் சொன்னாள்:

"ஓம்."

அவன் ஒரு கணம் விழித்தான்.

"ஓம்னா... ஆமான்னுதானே லா?"

அவள் நிமிர்ந்து, அவனை முழுசாகப் பார்த்துச் சிரித்தாள்.

"ஓம்!"