மறுபாதியில் ஒரு மரணம்!

போன் அலறியது.

சர்வீஸ் கடையில் சின்னவள் மட்டும் இருந்தாள். வெளியே மழை அப்போதுதான் விட்டிருந்தது. யாருடைய போனையோ திறந்துபோட்டு ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்தவள், தன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"சொல்லுக்கா..."

எதிர்முனையில் மூச்சு மட்டும்.

"அக்கா...?"

"அத்தான்... அத்தான் மாடிப்படிக்குக் கீழ கிடக்குறார்டி! கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்குறார்... தலையைச் சுத்தி ரத்தம்டி!"

ஸ்க்ரூ டிரைவர் கையிலிருந்து நழுவியது.

அத்தான்! ஸ்கூலில் கணக்கு வாத்தியார். ஒரு எண் உதைத்தால் தூங்க மாட்டார். முந்தின நாள்தான் அவளுக்குப் போன் செய்திருந்தார்.

"நாளைக்கு சாயந்திரம் வீட்டுக்கு வாம்மா. ஒரு விஷயம் பேசணும். தனியா வா."

"என்ன அத்தான், பயமுறுத்துறீங்க?"

"போன்ல சொல்ற விஷயம் இல்லம்மா."

அவளுக்கு வயிற்றில் எதுவும் தங்காது. அன்றைக்கே புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள். "உங்க சகலை என்னைத் தனியா வரச் சொல்றாருங்க. அக்காவுக்குத் தெரியாம நகை எடுக்கப் போறாரு போல!"

அவனும் சிரித்தான்.

ஆனால் சாயந்திரம் அவளால் போக முடியவில்லை. கொட்டுகிற மழை. புருஷன் ஒரு டெலிவரிக்குப் போயிருந்தான். கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பலாம் என்றால், வண்டியும் இல்லை.

இப்போது அத்தான் இல்லை. சொல்லவந்த விஷயமும் அவரோடு போய்விட்டது.

* * *

மறுநாள்.

கடையின் ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் கடை திறப்பார்களா? இன்ஸ்பெக்டர்தான் திறக்கச் சொல்லியிருந்தார்.

குனிந்து உள்ளே வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க அக்காவை ஸ்டேஷன்ல உட்கார வெச்சிருக்கோம் மேடம்."

"ஐயோ... அவ என்ன சார் பண்ணினா?"

"அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கோம். காலையில புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை. பக்கத்து வீட்ல கேட்டிருக்கு. சாயந்திரம் புருஷன் படியில உருண்டு செத்துட்டார். தையல் கடைக்குப் போனேன், மழைக்கு ஒதுங்கி நின்னேன்றாங்க. ஒதுங்கினதை ஒரு ஈ, காக்கா பார்க்கலை!"

"சண்டை போட்டா கொன்னுருவாங்களா சார்? அப்படிப் பார்த்தா எந்த வீட்ல சார் ஆம்பள மிஞ்சுவான்?"

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே நகக்கண் அளவுக்கு ஒரு மெமரி கார்டு.

"ஹால்ல மாடிப்படியைப் பார்த்த மாதிரி ஒரு கேமரா இருக்கு. அதுல இருந்தது. போட்டுப் பார்த்தா... வெறும் காலி! ரொம்ப வசதியா இல்ல?"

கடையின் பின்மூலையில், இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒருவன் உட்கார்ந்திருந்தான். கண்ணில் பூதக்கண்ணாடி. கையில் சூடான சால்டரிங் கம்பி.

சின்னவளின் புருஷன். செத்த கார்டையும் பிழைக்க வைப்பான் என்பதால் ஊர் வைத்த பேர், டாக்டர். பட்டம் எதுவும் கிடையாது. கை மட்டும் சுத்தம்... என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அவன் திரும்பாமலே சொன்னான்.

"அது ஃபுல் ஃபார்மட் சார். ஒண்ணும் தேறாது. வீணா அலையாதீங்க."

"அது என்ன ஃபுல்லு, அரைன்னு?"

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குயிக் ஃபார்மட்னா வாசல்ல இருக்கற பேர்ப் பலகையை மட்டும் கழட்டறது சார். உள்ள ஆளுங்க அப்படியே இருப்பாங்க, தேடினா கிடைப்பாங்க. ஃபுல்னா எல்லாரையும் வெளிய தள்ளி வெள்ளையடிச்சுடறது."

"அடேங்கப்பா! இதெல்லாம் உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு டி.வி. ரிமோட்ல சத்தம் கூட்டத் தெரியும் சார். குறைக்க என்னைத்தான் கூப்பிடுவா."

"எதுக்கும் போட்டுப் பாருங்களேன்."

சின்னவள் கார்டை ரீடரில் செருகினாள். திரையைப் பார்த்தாள்.

கார்டின் முதுகில் எழுதியிருந்தது 64 ஜி.பி. திரையில் தெரிந்தது அதில் பாதி!

மீதி எங்கே?

பார்ட்டிஷன் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். கார்டு நடுவில் இரண்டாக வெட்டப்பட்டிருந்தது. இடது பாதியின் தலையில் நீலக் கோடு. வலது பாதியின் தலையில் கறுப்புக் கோடு... யாருக்கும் ஒதுக்காத இடம்.

நீலப் பாதியின் அமைப்புகளைப் படித்தாள். ஃபைல்களை அடுக்கும் முறை, அதாவது ஃபைல் சிஸ்டம்: எக்ஸ்ஃபேட். ஒரு அறையின் அளவு, யூனிட் சைஸ்: 128 கே.பி.

இன்னொரு முறை படித்தாள்.

கம்ப்யூட்டரை அதன் போக்கில் விட்டால் இந்த அளவுப் பாதிக்கு யூனிட் சைஸை 32 என்றுதான் வைக்கும். 128 என்று யாராவது கையால் மாற்றினால்தான் உண்டு. கேமராவே ஃபார்மட் செய்திருந்தால் ஃபேட் 32. அதுவும் முழுக் கார்டும் ஒரே துண்டாக. அத்தான் வீட்டுக் கேமராவுக்கு எக்ஸ்ஃபேட் என்றால் என்னவென்றே தெரியாது. இந்தக் கார்டைப் போட்டால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கும்!

எக்ஸ்ஃபேட். 128. இரண்டு துண்டு.

இந்த மூன்றையும் சேர்த்துச் செய்கிற ஒரே ஒரு கையை அவளுக்குத் தெரியும். அந்தக் கையோடு இதே கடையில் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறாள்!

'எதுக்குங்க உங்க கார்டை எல்லாம் ரெண்டா வெட்டறீங்க? 128ன்னு வேற மாத்தறீங்க... கம்ப்யூட்டர் சொல்றதை அப்படியே விட்டா ஆகாதா?'

'அது வேலை தெரியாதவனுக்குடி. முன்பாதி ஊருக்கு, பின்பாதி எனக்கு. பேக்கப்!'

அந்தக் கை இப்போது அவளுக்குப் பின்னால், சூடான கம்பியோடு இருக்கிறது.

"என்ன மேடம், முகம் வெளுத்துப்போச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணும்... ஒண்ணுமில்ல சார்."

"காலிதானே?"

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"சரி, லேப்லயும் காலின்னுதான் சொன்னாங்க. பாவம், கார்டு என்ன பண்ணும்! நல்லா ஃபார்மட் போட்டுக் குடுங்க. கேமராவுக்கு ஆகும்."

சாட்சியை அழிக்கச் சொல்கிற போலீஸ்! அவள் விழித்தாள்.

டாக்டர் முதல் தடவையாகத் திரும்பினான். எழுந்தே வந்துவிட்டான். "குடு, நான் சொல்றேன். ரெண்டு பாதியையும் டெலீட் பண்ணு. ஒரே பார்ட்டிஷனாப் போடு. ஃபேட் 32. குயிக்ல இருக்கற டிக்கை எடுத்துடு. ஃபுல்லா அடி."

"ஃபுல்லாவா...?"

"ஆமா. சுத்தமா இருக்கும்."

அப்போதுதான் அவளுக்குப் பளிச்சென்று உறைத்தது.

அழித்தவன் அவசரத்தில் இருந்தான். கை தன் பழக்கத்தில் கார்டை இரண்டாக வெட்டியது. முன்பாதிக்கு மட்டும் ஃபுல் ஃபார்மட் போட்டது. பின்பாதியை அவன் தொடவே இல்லை!

வெள்ளையடித்தது பாதி வீட்டுக்குத்தான். மறுபாதியில் ஆட்கள் இருக்கிறார்கள்!

இப்போது முழுக் கார்டுக்கும் ஃபுல் ஃபார்மட் போட்டால் அவர்களும் காலி. அக்காவும் காலி. அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பிய அக்கா.

"என்ன யோசனை? ஸ்டார்ட்டை அழுத்து," என்றான் டாக்டர். குரல் மெதுவாக இருந்தது. தோளில் விழுந்த கை மெதுவாக இல்லை.

அவள் விரலை மவுஸின் மேல் வைத்தாள்.

ஒரு பக்கம் புருஷன். ஒரு பக்கம் அக்கா.

வெடுக்கென்று கார்டைப் பிடுங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

"மாட்டேன்! சார், இதை ஃபார்மட் பண்ணக் கூடாது. பின்பாதியில எல்லாம் அப்படியே இருக்கு!"

"ஏய்... உளறாத! சார், நேத்துலேர்ந்து அவ சாப்பிடலை, தூங்கலை..."

"நீங்க தள்ளி நில்லுங்க டாக்டர்," என்றார் இன்ஸ்பெக்டர். "மேடம், தோண்டுங்க."

கார்டை மறுபடி செருகித் தோண்டினாள். கறுப்புப் பாதிக்குள் தேடும் சாஃப்ட்வேரை ஓடவிட்டாள். பச்சைக் கோடு நகர்ந்தது... நகர்ந்தது... டாக்டர் எச்சில் விழுங்கும் சத்தம்கூடக் கேட்டது.

வீடியோ! ஒன்று... இரண்டு... வரிசையாக!

கடைசி வீடியோவைத் திறந்தாள்.

அத்தான் வீட்டு ஹால். மாடிப்படியின் உச்சியில் அத்தான் நின்று யாரையோ பார்த்துக் கத்துகிறார். சத்தம் இல்லை. படியேறுகிறது ஓர் உருவம். தலையில் ஹெல்மெட். உடம்பில் நீளமான ரெயின்கோட். சிவப்பு. வலது பை கிழிந்து தொங்குகிறது.

ஒரே தள்ளு!

"ஐயோ அத்தான்...!" சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உருவம் கேமராவை நோக்கி வந்தது. கையுறை போட்ட கை திரையை மூடியது. அத்தோடு வீடியோ முடிந்தது.

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு ரெயின்கோட். சிவப்பு. வலது பை கிழிந்து தொங்கியது. விளிம்பில் இன்னும் ஈரம்.

"அது யாரோடது மேடம்?"

"எ... என்னோடது."

"ஐயோ! அடிப்பாவி!" டாக்டர் தலையில் அடித்துக்கொண்டான். "நீயா? சொந்த அக்கா தாலியை... ஏண்டி? தனியா வரச் சொன்னாருன்னியே, அதுக்குத்தான் போனியா?"

இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவன்! மாட்டினால் இவள் மாட்டட்டும் என்று, இவள் கோட்டைத் தேடி மாட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

"நேத்து டெலிவரிக்கு என் வண்டியை எடுத்துக்கிட்டு, இதைப் போட்டுக்கிட்டுப் போனது நீங்கதானே?"

"யாரு பார்த்தா? சார், பொய் சொல்றா சார்!"

"யாரும் பார்க்கலைதான்," இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டார். "மேடம், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். உங்க கையில இருக்கறது வெறும் நகல். அசல் லேப்ல இருக்கு. இந்தப் படத்தை நான் நேத்து ராத்திரியே பார்த்தாச்சு."

"என்னது...?"

"இந்தக் கோட்டு உங்களுதுன்னு உங்க அக்காகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். வெளிய ஜீப்ல ரெண்டு லேடி கான்ஸ்டபிள் உட்கார்ந்திருக்காங்க. யாருக்காகன்னு நினைக்கறீங்க? உங்களுக்காக!"

சின்னவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா ஒரு தடவை சோதிச்சுப் பார்ப்போம்னுதான் ஃபார்மட் பண்ணச் சொன்னேன். கொலை பண்ணினவங்களா இருந்தா ஓடி வந்து அழுத்தியிருப்பாங்க. நீங்க பிடுங்கி ஒளிச்சீங்க. ஓடி வந்தது வேற ஆளு." அவர் திரும்பினார். "டாக்டர்! நான் கவரை எடுத்தப்போ உங்க முதுகுதான் என்னைப் பார்த்துச்சு. திரையில போடவும் இல்ல. அது ஃபுல் ஃபார்மட்னு எப்படிச் சொன்னீங்க?"

"அது... அனுபவம் சார்... ஒரு ஊகம்..."

"கார்டைத் தூக்கிட்டுப் போனா கொலைன்னு தெரிஞ்சுரும். அழிச்சு, கேமராவுக்குப் புரியாத மாதிரி திரும்ப வெச்சா, கேமரா கோளாறு... இல்லேன்னா பொண்டாட்டி வேலை. நீங்க வெளிய போறதும் பதிவாகாது. செத்தவரோட கம்ப்யூட்டர்லயே உட்கார்ந்து பண்ணியிருக்கீங்க. நெஞ்சழுத்தம்தான்!"

"ஆதாரம் இருக்கா சார்?"

பதில் சின்னவளிடமிருந்து வந்தது. "இருக்கு."

அவள் பின்மூலைக்குப் போனாள். அவன் எப்போதும் பூட்டியே வைத்திருக்கும் டிராயர். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு ஒரே நெம்பு!

உள்ளே டப்பி நிறைய மெமரி கார்டுகள். ஒன்றை எடுத்து ரீடரில் செருகினாள்.

எக்ஸ்ஃபேட். 128. இரண்டு துண்டு.

"இந்த மாதிரி வெட்டறவர் எனக்குத் தெரிஞ்சு இவர் ஒருத்தர்தான் சார்."

பின்பாதியைத் திறந்தாள். படங்கள். சர்வீஸுக்குப் போன் கொடுத்துவிட்டு நம்பிக்கையோடு போன பெண்களின் படங்கள்... யாரும் பார்க்கக் கூடாத படங்கள். பக்கத்திலேயே அவர்களுக்கு அனுப்பிய மிரட்டல்கள்.

ஒரு முகத்தை அவளுக்குத் தெரியும். அத்தான் ஸ்கூலில் வேலை பார்க்கும் டீச்சர்.

திரையைச் சட்டென்று அணைத்தாள்.

"இதைத்தான்... இதைத்தான் அத்தான் என்கிட்ட சொல்ல இருந்தாரா? அதை நானே சிரிச்சுக்கிட்டே உங்ககிட்ட சொன்னேனே... பாவி, அவரைக் கொன்னுட்டியே!"

அவள் அவனை ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான்.

டாக்டர் பாய்ந்தான். பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்தான்.

எதிரே நான்கு காக்கிக் கால்கள்!

"எங்க சார் இவ்வளவு அவசரம்?" என்றாள் லேடி கான்ஸ்டபிள், கையை முறுக்கிக்கொண்டே.

சின்னவள் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இன்ஸ்பெக்டர் தன் போனில் ஸ்டேஷனைப் பிடித்து அவளிடம் நீட்டினார்.

"அக்கா... நீ வீட்டுக்கு வாக்கா. நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

"யாருடி அது? யாருன்னு தெரிஞ்சுதா?"

சின்னவள் வெளியே ஜீப்பின் பக்கம் பார்த்தாள். "நேர்ல சொல்றேன்க்கா. போன்ல சொல்ற விஷயம் இல்ல."

ஜீப் கிளம்பத் தயாரானது. லேடி கான்ஸ்டபிள் ஓடி வந்தாள்.

"சார், லாக்கப்ல ஒரே ஒரு ரூம்தான் காலி. அதுவும் பெரிய ரூம். இவர் ஒருத்தருக்கா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"நடுவுல ஒரு கோடு போட்டு முன்பாதியில உட்கார வைம்மா. பின்பாதியைத் தொடாம அப்படியே விடு... சாருக்கு அதுதான் பழக்கம்!"